ஐ7-னு எழுதியிருக்கும், எந்த ஐ7-னு எழுதியிருக்காது

(ஒலி வடிவத்திலிருந்து எடுத்து, லேசாகத் திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான். "தங்கச்சி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கா. மொபைல்லயே எத்தனை நாள் ப்ரோகிராம் எழுதுவா? கையில 20,000 ரூபாய் இருக்கு. மானிட்டர், கீபோர்டு எல்லாம் சேர்த்து அதுக்குள்ள முடியுமா ப்ரோ?" ஊர் மாறுது, தங்கச்சிக்குப் பதிலா தம்பி வர்றான், தொகை 15,000 ஆகுது, 25,000 ஆகுது. கேள்வி மட்டும் அதேதான்.

முடியும். ஆனா புதுசுல முடியாது. 20,000-த்துக்குப் புது லேப்டாப்னு தேடினா வர்றதெல்லாம் செலரான் ப்ராசஸர், 4 ஜிபி ரேம் போட்ட மெஷின். செலரான் என்4020-னு ஒண்ணு இருக்கு, அதுல மொத்தமே ரெண்டு கோர்தான். குரோம்ல அஞ்சாறு டேப், பக்கத்துல விஎஸ் கோடு திறந்தீங்கன்னா மவுஸே யோசிச்சு யோசிச்சுத்தான் நகரும். ரேமைக் கூட்டலாம்னு கழட்டிப் பார்த்தா, பெரும்பாலும் போர்டோட சேர்த்து சால்டர் பண்ணியிருப்பாங்க. மூணு வருஷ டிகிரியை அதுல ஓட்டச் சொல்றது அந்தப் பொண்ணுக்குச் செய்யற அநியாயம்.

அதே காசுக்குள்ள, ஏதோ ஒரு கம்பெனியில நாலஞ்சு வருஷம் ஓடிட்டு வெளியே வந்த டெஸ்க்டாப் வாங்கலாம். உதாரணத்துக்கு ஐ5-8500 போட்டது. 2018-ல வந்த ப்ராசஸர், ஆறு கோர். இன்னைக்கும் காலேஜ் வேலைக்கு அது தாராளம்.

இந்த மெஷினெல்லாம் எங்கே இருந்து வருது? ஐடி கம்பெனி, பேங்க், கால் சென்டர் மாதிரி இடங்கள்ல கம்ப்யூட்டர் வாங்கும்போதே மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு கணக்கு வச்சுத்தான் வாங்குவாங்க. சிலர் வாங்கவே மாட்டாங்க, லீஸுக்கு எடுப்பாங்க. வாரண்டி முடிஞ்சா மெஷின் நல்லா ஓடிட்டிருந்தாலும் மாத்திடுவாங்க. பழையதெல்லாம் நூறு, இருநூறுன்னு ஒரே லாட்டா வெளியே போகும். அதை எடுக்கறவங்ககிட்ட இருந்து பிரிஞ்சு பிரிஞ்சு ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்கும், உங்க ஊர் கம்ப்யூட்டர் கடைக்கும், ஆன்லைனுக்கும் வருது. 2020-க்கு அப்புறம் வீட்ல இருந்து வேலைன்னு பல ஆபீஸ் லேப்டாப்புக்கு மாறினதும் இதுக்கு ஒரு காரணம். நாள் முழுக்க ஏசி ரூம்ல உக்காந்து எக்செலும் மெயிலும் மட்டும் பார்த்த மெஷின் அது. நம்ம வீட்டு வெயிலையும் தூசியையும் பார்த்ததே இல்லை.

"ரிஃபர்பிஷ்ட்"ங்கற வார்த்தைக்கு நம்ம மார்க்கெட்ல ஒரே அர்த்தம் கிடையாது. ஒருத்தர் மெஷினைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, தெர்மல் பேஸ்ட் மாத்தி, ஒவ்வொரு பார்ட்டா டெஸ்ட் பண்ணி விப்பார். இன்னொருத்தர் புளோயர்ல தூசியை ஊதிட்டு, மேல ஸ்டிக்கர் ஒட்டுவார். ரெண்டும் ரிஃபர்பிஷ்ட்தான். அதனால அந்த வார்த்தையை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. முடிவு பண்ண வேண்டியது வேற ஒண்ணை வச்சு, அதாவது ப்ராசஸரோட ஜெனரேஷன்.

எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பையன், முதல் சம்பளத்துல தன் தம்பிக்கு ஆன்லைன்ல ஒரு டெஸ்க்டாப் வாங்கிக் கொடுத்தான். விளம்பரத்துல "கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கேமிங் கேபினட்"னு போட்டிருந்தது. 17,500 ரூபாய். கண்ணாடிக் கதவு, உள்ள கலர் கலரா சுத்தற ஃபேன். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு மாசம் கழிச்சு, ஆண்ட்ராய்டு எமுலேட்டர் திறந்தா மெஷின் அப்படியே நிக்குதுன்னு எனக்குப் போன் பண்ணான். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, ப்ராசஸர் பேரைப் படிக்கச் சொன்னேன். ஐ7-2600.

2011-ல வந்த ப்ராசஸர் அது. கடைக்காரர்கிட்ட கேட்டா, "ஐ7 தானே கேட்டீங்க, ஐ7 தானே கொடுத்திருக்கோம்"னு பதில். அவர் சொன்னதுல பொய்யே இல்லை, அதுதான் கொடுமை.

ஐ3, ஐ5, ஐ7-ங்கறதெல்லாம் அந்தந்த வருஷத்துக்குள்ள இருக்கற தரவரிசை. 2011 பேட்ச்ல ஐ7 முதல் மார்க் வாங்கினவர், அவ்வளவுதான். அடுத்தடுத்த பேட்ச் வந்துட்டே இருக்கு. ஐ7-2600-ல நாலு கோர், 95 வாட். 8-வது ஜெனரேஷன்ல வந்த ஐ3-8100, அந்தப் பேட்ச்சோட கடைசி பெஞ்ச். அதுலயும் நாலு கோர்தான், ஆனா 65 வாட், அந்தப் பழைய ஐ7-ஐ விட வேகமாவே ஓடும். இதோட போகாது. பழசு டிடிஆர்3 ரேம்ல ஓடும், புதுசு டிடிஆர்4. யூடியூப் வீடியோக்கள்ல நிறைய விபி9-ங்கற ஃபார்மட்ல வருது. 7-வது ஜெனரேஷன்ல இருந்து அதைப் பிரிச்சுக் காட்ட ப்ராசஸருக்குள்ளயே தனி சர்க்யூட் இருக்கு. 2-வது ஜெனரேஷன்ல அது கிடையாது, எல்லாத்தையும் கோர்களே கணக்குப் போட்டுப் பிரிக்கணும். என்பிடெல் லெக்சர் பார்க்கும்போதே ஃபேன் கத்த ஆரம்பிச்சா காரணம் அதுதான்.

இந்த மாதிரி மெஷின் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிடலாம். ப்ராசஸர் லேசுல சாகாது. பழைய ஆபீஸ் மெஷினை ஸ்க்ராப் பண்ணும்போது அதை மட்டும் கழட்டி எடுத்துடுவாங்க. எச்61-னு 2011 காலத்து சிப்செட் போட்ட, பேர் தெரியாத புது மதர்போர்டு இன்னும் மார்க்கெட்ல கிடைக்குது. அதுல இந்தப் பழைய ப்ராசஸரை மாட்டி, பளபளன்னு ஒரு கேபினட்ல போட்டா "புது அசெம்பிள்டு பிசி" ரெடி. அந்த போர்டுல 3-வது ஜெனரேஷனுக்கு மேல எதுவும் போட முடியாது. பின்னாடி அப்கிரேட் பண்ணிக்கலாம்னு நினைச்சா ப்ராசஸர், போர்டு, ரேம் மூணையும் தூக்கிப் போடணும். மிச்சம் இருக்கறது அந்தக் கலர் ஃபேன்தான்.

சரி, ஜெனரேஷனை எப்படிப் படிக்கறது? ஐ5-8500-ல கோடுக்கு அப்புறம் வர்ற நம்பரைப் பாருங்க. நாலு இலக்கமா இருந்தா முதல் இலக்கம் ஜெனரேஷன்: 8500-னா 8, 6500-னா 6, 2400-னா 2. அஞ்சு இலக்கமா இருந்தா முதல் ரெண்டு: 10400-னா 10. கடைசியில "டி"ன்னு ஒரு எழுத்து இருந்தா, அது கரண்ட் கம்மியா எடுக்கற, வேகமும் கொஞ்சம் குறைச்ச வகை. "ஐ5 அண்ணே, எட்டாவது ஜென்"னு வாயால சொன்னா போதாது. முழு நம்பரையும் ஸ்க்ரீன்ல பார்க்கணும்.

நான் சொல்றது: அசெம்பிள் பண்ணதை விட்டுடுங்க. டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரி கம்பெனிகளுக்குன்னே செஞ்ச மெஷினை முழுசா அப்படியே வாங்குங்க. பார்க்க அழகே இருக்காது, கறுப்பு டிபன் டப்பா மாதிரி இருக்கும். ஆனா மாடல் நம்பரே வயசைச் சொல்லிடும். ஆப்டிப்ளெக்ஸ்ல 3050, 5050, 7050-னு 50-ல முடிஞ்சா 6, 7-வது ஜெனரேஷன். 3060, 5060, 7060-னா 8-வது. எலைட்டெஸ்க் 800-ல ஜி3-னா 6, 7. ஜி4-னா 8. திங்க்சென்டர்ல எம்710, எம்910 முந்தினது, எம்720, எம்920 எட்டாவது. ஒரே மாடல்லயே ஐ3-யும் பென்டியமும் கூட வந்திருக்கும், அதனால மாடல் நம்பரைப் பார்த்துட்டு ப்ராசஸர் நம்பரையும் பார்த்துடுங்க.

சைஸ் மூணு. பெரிய டவர், அதை ஒல்லியாக்கின ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர், கையில அடங்கற மைக்ரோ. மைக்ரோவை மானிட்டர் பின்னாடியே மாட்டிடலாம், இடமே எடுக்காது. ஆனா அதுக்கு லேப்டாப் ரேம்தான் போடணும். லேப்டாப் மாதிரியே வெளி அடாப்டர்ல ஓடும், அது ஒரிஜினலான்னு பார்க்கணும். டெல் மெஷின் வேற அடாப்டரைக் கண்டுபிடிச்சு வேகத்தைக் குறைச்சுக்கும். வீட்டு மேசைக்கு நான் சொல்றது நடு சைஸ். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க: இந்த ஒல்லிப் பெட்டிகள்ல பவர் சப்ளை அந்தக் கம்பெனியோட தனி அளவு. கெட்டுப்போனா எந்தக் கடையிலயும் கிடைக்கற சாதாரண பவர் சப்ளை உள்ள உக்காராது, அதே மாடலோடதுதான் தேடணும். பின்னாடி பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடலாம்னு நினைச்சாலும் நடக்காது. தனியா பவர் வயர் கேக்காத, உயரம் குறைஞ்ச கார்டு மட்டும்தான் பொருந்தும். அப்படி ஆசை இருந்தா டவர் எடுங்க.

இப்போ கடைக்குப் போறோம். சென்னைன்னா அரசினர் தோட்டம் மெட்ரோல இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் நடந்தே போயிடலாம். தெருவுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே "என்ன வேணும் பாஸ், லேப்டாப்பா, சிசிடிவியா"ன்னு ஆரம்பிச்சிடும். முதல் கடையில வாங்காதீங்க, மூணு கடையில விலை கேளுங்க. கேக்கும்போதே ப்ராசஸர் நம்பரோட கேளுங்க. "ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேணும்"னு கேட்டா ஒரு விலை. "ஐ5-8500, எட்டு ஜிபி ஒரே ஸ்டிக், 256 எஸ்எஸ்டி, பெட்டி மட்டும் என்ன விலை அண்ணே"ன்னு கேட்டா வேற விலை. ஒரே ஸ்டிக்னு ஏன் கேக்கணும்னா, நாளைக்கு இன்னொரு எட்டு வாங்கி பக்கத்து ஸ்லாட்ல போட்டுக்கலாம். நாலு நாலா ரெண்டு கொடுத்துட்டா, ரெண்டு ஸ்லாட் மட்டுமே இருக்கற மெஷின்ல ஒண்ணைக் கழட்டி ஓரமா வைக்க வேண்டி வரும்.

போகும்போது ஒரு பென் டிரைவ் எடுத்துட்டுப் போங்க. அதுல சிபியூ-இசட், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ரெண்டையும் போட்டுக்கங்க. ரெண்டும் இலவசம்தான். கடையிலேயே மெஷினை ஆன் பண்ணச் சொல்லி முதல்ல பயாஸுக்குள்ள போங்க: டெல்லுன்னா எஃப்2, எச்பின்னா எஃப்10, லெனோவோன்னா எஃப்1. அங்கே பாஸ்வேர்டு கேட்டா, பழைய கம்பெனி போட்ட பூட்டு இன்னும் இருக்குன்னு அர்த்தம். பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி கடைக்காரரே அதை எடுத்துத் தரணும். கம்ப்யூட்ரேஸ்னு ஒரு செட்டிங் இருக்கும், திருட்டைக் கண்டுபிடிக்கக் கம்பெனிகள் போடறது. அது ஆக்டிவேட் ஆகியிருந்தா அந்த மெஷினை அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க, விலை எவ்ளோ குறைச்சாலும் சரி. டெல்லுன்னா அங்கேயே சர்வீஸ் டேக் தெரியும். வெளியில ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரும் அதுவும் ஒண்ணான்னு பாருங்க. அந்த நம்பரை டெல் சப்போர்ட் சைட்ல போட்டா, ஃபேக்டரியில இருந்து எந்தக் கான்ஃபிகரேஷன்ல வந்ததுன்னு சொல்லிடும்.

தேதி 2018-னோ 2019-னோ தப்பா காட்டினா பயப்படாதீங்க. உள்ள இருக்கற காசு சைஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032, வாட்ச் கடையிலயே கிடைக்கும். ஆனா அதை வச்சு பேரம் பேசறது உங்க சாமர்த்தியம்.

அப்புறம் விண்டோஸுக்குள்ள போய் சிபியூ-இசட்ல ப்ராசஸர் பேர், ரேம் டிடிஆர்4-ஆன்னு பாருங்க. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல எஸ்எஸ்டியோட ஹெல்த் சதவீதமும், எத்தனை மணி நேரம் ஓடியிருக்குங்கறதும் தெரியும். இங்கே ஒரு விஷயம்: ப்ராசஸர் பழசா இருக்கலாம், எஸ்எஸ்டி பழசா இருக்க வேண்டாம். எழுத எழுதத் தேயற பொருள் அது. அவங்க போட்டிருக்கறது பேர் தெரியாத பிராண்டா இருந்தா, வித்தியாசக் காசு கொடுத்து வாரண்டி இருக்கற புதுசா மாத்திக்கங்க. இந்த மொத்தச் செலவுல நான் கஞ்சத்தனம் பண்ணவே கூடாதுன்னு சொல்ற இடம் இது ஒண்ணுதான். செமஸ்டர் ப்ராஜெக்ட் அதுக்குள்ளதான் இருக்கப் போகுது.

யூஎஸ்பி போர்ட் ஒவ்வொண்ணுலயும் அந்தப் பென் டிரைவைச் சொருகிப் பாருங்க, பின்பக்கம் உட்பட. பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி மதர்போர்டுல கெபாசிட்டர் ஏதாவது தலை உப்பியிருக்கான்னு பாருங்க. இருபது நிமிஷம் ஒரு பெரிய வீடியோ ஓட விட்டுட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்க. கடைக்காரர் "என்ன தம்பி, பொண்ணு பார்க்கற மாதிரி பார்க்கறீங்க"ன்னு கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். டெஸ்ட் பண்ண விடவே மாட்டேன்னு சொல்ற கடை வேண்டாம், அவ்ளோதான்.

பில் முக்கியம். சீரியல் நம்பரோட, ஜிஎஸ்டி பில். "மூணு மாசம் வாரண்டி இருக்கு, நம்ம கடைதானே"ன்னு சொல்வாங்க. "அதையே பில்லுல எழுதிக் கொடுத்துடுங்க அண்ணே"ன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. அதுல பவர் சப்ளையும் மதர்போர்டும் சேர்த்தியான்னும் கேளுங்க. சில இடத்துல வாரண்டின்னா ரேமுக்கு மட்டும்னு பின்னாடிதான் தெரியும்.

விண்டோஸ் விஷயம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்டை முடிச்சிடுச்சு. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா இன்டெல் 8-வது ஜெனரேஷன்ல இருந்துதான் ஓடும், சில விதிவிலக்கு தவிர. நான் எட்டு எட்டுன்னு அடிச்சுக்கறதுக்கு இது பெரிய காரணம். 7-வது ஜெனரேஷன் மெஷினை "விண்டோஸ் 11 போட்டே தர்றோம்"னு சொல்வாங்க. சுத்து வழியில போட முடியும், அப்டேட் விஷயத்துல மைக்ரோசாஃப்ட் எந்தப் பொறுப்பும் எடுத்துக்காது.

அதுக்காக 6, 7-வது ஜெனரேஷன் குப்பைன்னு அர்த்தம் இல்லை. விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போதும்னா பட்ஜெட் குறைவா இருக்கறவங்களுக்கு இன்னைக்கு நல்ல பேரமே அதுதான். ஐ5-6500, ஐ5-7500 ரெண்டுலயும் நாலு கோர். லினக்ஸ் மின்ட் போட்டா பைத்தான், ஜாவா, சி, வெப் டெவலப்மென்ட் எல்லாம் நிம்மதியா ஓடும். 15,000-த்துக்குள்ளன்னு கேட்டவங்களுக்கு என் பதில் இதுதான். முதல்ல காலேஜ்ல கேட்டுக்கங்க: சிலபஸ்ல ஆட்டோகேட், விஷுவல் ஸ்டுடியோ மாதிரி லினக்ஸ்ல ஓடாதது இருந்தா இந்த வழி சரிப்படாது.

கடைக்காரர் போட்டுக் கொடுக்கற விண்டோஸோட அப்படியே ஓட்டாதீங்க. அது எந்த க்ராக் வச்சு ஆக்டிவேட் பண்ணதுன்னு நமக்குத் தெரியாது. அந்த க்ராக் ஓடறதுக்காக ஆன்டிவைரஸை நிறுத்தி வச்சிருப்பாங்க. அதே மெஷின்லதான் அந்தப் பொண்ணு ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போடப் போறா, அப்பா பேங்க் லாகின் பண்ணப் போறார். வீட்டுக்கு வந்த முதல் நாளே மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து மீடியா கிரியேஷன் டூல் எடுத்து, 8 ஜிபி பென் டிரைவ்ல ஏத்தி, பழசை முழுசா அழிச்சுட்டுப் புதுசா போடுங்க. கம்பெனி மெஷின்கள்ல நிறையத்துக்கு விண்டோஸ் ப்ரோ லைசன்ஸ் ஃபேக்டரியிலேயே போர்டுக்குள்ள பதிஞ்சிருக்கும். அப்படி இருந்தா, இன்டர்நெட் கனெக்ட் பண்ணதும் தானா ஆக்டிவேட் ஆகிடும். காசும் இல்லை, க்ராக்கும் இல்லை.

20,000-த்தைப் பிரிக்கலாம். இது விலைப்பட்டியல் இல்லை, எதுக்கு எவ்ளோ வரைக்கும் போகலாம்ங்கற என் கணக்கு. பெட்டிக்கு 13,000. பழைய மானிட்டருக்கு 3,500, ஸ்க்ரீன் ஃபுல் எச்டியான்னு பாருங்க. கீபோர்டு, மவுஸ் புதுசா 700. அதுக்கப்புறம் எல்லாரும் மறந்துடற ரெண்டு பொருள். இந்த ஆபீஸ் மெஷின்கள்ல டிஸ்ப்ளேபோர்ட்தான் பிரதானம். எச்டிஎம்ஐ இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. மானிட்டர்ல எச்டிஎம்ஐ மட்டும் இருந்தா, டிஸ்ப்ளேபோர்ட்ல இருந்து எச்டிஎம்ஐக்குப் போற கேபிள்னு சொல்லிக் கேளுங்க. தலைகீழா இருக்கறதை வாங்கினா படம் வராது. அதுக்கு 400. ரெண்டாவது, நிறையப் பெட்டியில வைஃபை கிடையாது. டாங்கிள் ஒண்ணு 500. அதுக்கும் காசு இல்லைன்னா போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் போட்டுக்கலாம். ஆக 18,100. மீதி 1,900-ஐ எஸ்எஸ்டி மாத்தறதுக்குன்னு தனியா வச்சுக்கங்க.

இதுல யுபிஎஸ் வரலை, தெரியும். டெஸ்க்டாப்ல பேட்டரி கிடையாது, கரண்ட் போனா அந்த நொடியே அணைஞ்சிடும். வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா அதை யுபிஎஸ் மோட்ல வச்சா பெரும்பாலும் சமாளிச்சிடும். இல்லைன்னா ரெண்டு மூணு மாசத்துல ஒரு சின்ன 600 விஏ யுபிஎஸ் வாங்கிடுங்க. அதுவரைக்கும் அடிக்கடி சேவ் பண்ணச் சொல்லுங்க, கிட்ல கமிட் பண்ணச் சொன்னா இன்னும் நல்லது. சீக்கிரமே ஒரு நல்ல பழக்கமும் வந்துடும்.

"ஹாஸ்டல்ல இருக்கா, லேப்டாப்தான் வேணும்"னு சொல்றவங்களுக்கு: பழைய லேப்டாப்ல பேட்டரி, ஹிஞ்ச், ஸ்க்ரீன், கீபோர்டுன்னு கெட்டுப்போகற இடம் அதிகம். பார்க்க வேண்டிய லிஸ்ட்டே வேற, அதைத் தனி எபிசோடா பேசறேன். ஜெனரேஷன் கணக்கு மட்டும் அதுக்கும் இதேதான்.

வாங்கறதுக்கு முன்னாடி சந்தேகம் இருந்தா மெசேஜ் பண்ணுங்க, முடிஞ்சவரைக்கும் பதில் போடறேன். ப்ராசஸரோட முழு நம்பரையும் சேர்த்து அனுப்புங்க. "ஐ7, 16 ஜிபி, வாங்கலாமா ப்ரோ"ன்னு மட்டும் வந்தா, என்கிட்ட இருந்து "எந்த ஐ7?"னு மட்டும்தான் திரும்பி வரும். அடுத்த வாரம் பார்க்கலாம்.